பழைய காருக்கு சர்வீஸ் புல்லட்டின்: அறிகுறியைப் பிடித்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

ஒன்றரை லட்சம் மைல் ஓடிய கார். ஏதோ ஒரு கோளாறு. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் "இதை மாற்றிப் பார்ப்போம், சரியாகாவிட்டால் அதை மாற்றுவோம்" என்கிறார். அந்தப் 'பார்ப்போம்' ஒவ்வொன்றுக்கும் காசு கொடுப்பது நாம்தான். இத்தனைக்கும் அதே கோளாறு பல வருடங்களுக்கு முன்பே ஏராளமான கார்களில் வந்திருக்கும். கார் செய்த நிறுவனமே காரணத்தைக் கண்டுபிடித்து, சோதிக்கும் முறை, மாற்ற வேண்டிய பாகத்தின் எண், வேலைக்கு ஆகும் நேரம் எல்லாவற்றையும் எழுதி டீலர்களுக்கு அனுப்பியிருக்கும். அந்தத் தாளைத்தான் சர்வீஸ் புல்லட்டின் என்கிறார்கள்.

இங்கே நான் எழுதுவது அமெரிக்காவில் விற்ற கார்களைப் பற்றி. காரணம் எளிது. டீலர்களுக்கு அனுப்பும் புல்லட்டின்களின் நகலை நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமான என்எச்டிஎஸ்ஏ-வுக்குக் கொடுத்தாக வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. அதன் தளத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். நண்பர்கள் பலர் அமெரிக்காவுக்கு வந்த புதிதில் ஐந்தாறாயிரம் டாலருக்குப் பழைய கேம்ரியோ சிவிக்கோ வாங்குகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கை அழுக்காவதற்கு முன்

முன் கண்ணாடியின் அடியில் தெரியும் 17 எழுத்து வின் எண்ணை, அதாவது காரின் தனி அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் பத்தாவது எழுத்து மாடல் வருடம்: 7 என்றால் 2007, 8 என்றால் 2008. ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கார் எந்த மாதம் தயாரானது என்று இருக்கும். இரண்டும் வேண்டும். பல புல்லட்டின்கள் "இந்த வின் எண் முதல் இந்த வின் எண் வரை" என்றோ "இந்த மாதத்துக்கு முன் தயாரானவை" என்றோ எல்லை போட்டிருக்கும். ஒரே 2009 மாடலில் முன்பாதிக்குப் பொருந்துவது பின்பாதிக்குப் பொருந்தாது.

அடுத்து, அதே தளத்தில் வின் எண்ணைப் போட்டு ரீகால் ஏதும் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். ரீகாலும் புல்லட்டினும் வேறு வேறு. ரீகால் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, டீலர் இலவசமாகச் செய்து தர வேண்டும். புல்லட்டின் என்பது பழுது பார்க்கும் வழிகாட்டி மட்டுமே. வாரண்டி முடிந்த காருக்குக் காசு கொடுத்துத்தான் செய்ய வேண்டும். பழைய காரில் தகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்குக்கான ரீகால் பாக்கி இருந்தால் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு முதலில் அதை முடியுங்கள். 2001 முதல் 2003 வரையான சில ஹோண்டா, அக்யூரா கார்களில் ஏர்பேக்கை ஊதும் இன்ஃப்ளேட்டர்கள் விபத்தில் வெடித்துச் சிதறும் வாய்ப்பு 50 சதவீதம் வரை என்று 2016-இல் என்எச்டிஎஸ்ஏ எச்சரித்தது. அப்படிப்பட்ட காரை டீலரிடம் கொண்டுபோவதற்குத் தவிர வேறு எதற்கும் ஓட்டக் கூடாது. ஆயில் ஒழுகுவதைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.

புல்லட்டினை எடுப்பதும் படிப்பதும்

தளத்தில் வருடம், நிறுவனம், மாடல் கொடுத்துத் தேடினால் ரீகால், புகார், விசாரணை என்று பிரித்துக் காட்டும். 'உற்பத்தியாளர் தகவல்கள்' என்ற பகுதியில்தான் புல்லட்டின்கள் இருக்கும். ஒரு மாடலுக்கே நூற்றுக்கணக்கில் இருக்கலாம். ரேடியோ மென்பொருள், இருக்கை உறைச் சுருக்கம் என்று எல்லாமே அதில் அடக்கம். இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் என்று பகுதிவாரியாகச் சலித்துக்கொள்ளுங்கள். பழையவை சிலவற்றுக்கு முழுத் தாள் இருக்காது, நாலு வரிச் சுருக்கம்தான் கிடைக்கும். அப்போது புல்லட்டின் எண்ணை எழுதிக்கொண்டு உள்ளூர்ப் பொது நூலகத்துக்குப் போங்கள். பல அமெரிக்க நூலகங்கள் சில்டன் போன்ற கார் பழுது தரவுத்தளத்துக்குச் சந்தா கட்டியிருக்கின்றன. உறுப்பினர் அட்டை இருந்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். இந்த வசதி இருப்பதே நம்மவர்களில் பலருக்குத் தெரியாது.

எண்ணைப் பார்த்தாலே கொஞ்சம் புரியும். டொயோட்டாவின் டி-எஸ்பி-0094-11 என்பது 2011-இல் வந்தது. ஹோண்டாவின் 08-001 என்பது 2008-இன் முதல் புல்லட்டின். ஒரே எண் பிறகு திருத்தி வெளியாகும். பாக எண் மாறும், வின் எல்லை விரியும். மேலே இருக்கும் தேதியைப் பார்த்து, கடைசித் திருத்தத்தை மட்டுமே வைத்து வேலை செய்யுங்கள்.

தாளைத் திறந்ததும் எல்லோர் கண்ணும் பாக எண் அட்டவணைக்குத்தான் ஓடுகிறது. நான் மல்லுக்கட்டிச் சொல்வது இதைத்தான்: பாக எண் அந்தத் தாளின் கடைசிப் பகுதி, முதலில் படிக்க வேண்டியது அறிகுறி. அங்கே "குளிர்ந்த இன்ஜினில், ஸ்டார்ட் செய்த உடன், சுமார் 2 விநாடி" என்று எழுதியிருந்தால் அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் நிபந்தனை. உங்கள் கார் சூடாக இருக்கும்போதும் அந்தச் சத்தம் போட்டால் அது உங்களுக்கான தாள் இல்லை. அடுத்து வின் எல்லை, அதற்கடுத்து சோதனை. இவை மூன்றும் ஒத்துவந்த பிறகே பாகம். "உங்கள் காருக்கு இது பொருந்தும் என்று தானாக முடிவு செய்யாதீர்கள்" என்று சில நிறுவனங்கள் புல்லட்டினின் அடியிலேயே அச்சிட்டிருக்கின்றன. அது சட்டத்துக்காகப் போட்ட வரிதான். ஆனாலும் உண்மையான வரி.

இனி அறிகுறிகளுக்கு வருவோம்.

ஆயில் குறைகிறது, தரையில் சொட்டு இல்லை

இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். பழைய காரைக் கொல்வதில் இதற்கு மேல் ஒன்றில்லை.

டொயோட்டாவின் 2.4 லிட்டர் 2ஏஇசட்-எஃப்இ இன்ஜின் இதற்குப் பேர்போனது. 2007 முதல் 2009 வரையான கேம்ரி, 2006 முதல் 2008 வரையான ராவ்4, 2009 கரோலாவில் 2.4 லிட்டர் வகை ஆகியவற்றில் இது இருக்கிறது. பிஸ்டனில் மூன்று வளையங்கள். அதில் கீழே இருப்பது சிலிண்டர் சுவரில் படிந்த ஆயிலை வழித்துக் கீழே இறக்கும் வளையம். அதில் கார்பன் அடைத்துக்கொண்டால் ஆயில் திரும்பி இறங்க வழியில்லாமல் சுவரிலேயே தங்கி, பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடும். கீழே ஒரு சொட்டுகூட விழாது. ஓட்டுபவர் கவனிப்பதற்குள் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக் காய்ந்திருக்கும்.

டி-எஸ்பி-0094-11 இதைப் பற்றியதுதான். அதில் சொன்ன சோதனையை வீட்டிலேயே செய்யலாம். அதற்கு முன் வெளியே கசிவு இல்லை என்று உறுதி செய்யுங்கள்: வால்வ் கவர் ஓரம், டைமிங் கவர், ஆயில் ஃபில்டர், வடிகால் போல்ட். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள், கடகடவென்று உள்ளே ஆட வேண்டும். ஆடாவிட்டால் மாற்றுங்கள். சில டாலர்தான். அதை மாற்றாமல் செய்யும் சோதனைக்கு அர்த்தமில்லை.

பிறகு சோதனை இப்படி:

1. சமதளத்தில் நிறுத்தி, சூடான இன்ஜினை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து ஆயில் அளவு பாருங்கள். மேல் குறிவரை சரியாக நிரப்புங்கள்.
2. ஓடோமீட்டர் எண்ணை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டீலரிடம் செய்தால் டிப்ஸ்டிக், ஆயில் மூடி, வடிகால் போல்ட் மூன்றிலும் அடையாளம் இடுவார்கள், நடுவில் யாரும் கை வைக்காமல் இருக்க.
3. 1,200 மைல் ஓட்டுங்கள், அதாவது சுமார் 1,930 கிலோமீட்டர். 300 மைலுக்கு ஒருமுறை பாருங்கள். கீழ்க்குறியை நெருங்கினால் சோதனைக்காக இன்ஜினைப் பலி கொடுக்காதீர்கள். அளந்து ஊற்றி, ஊற்றிய அளவை எழுதி வையுங்கள்.
4. கடைசியில் மீண்டும் மேல் குறி வரை வர எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்று அளந்து பாருங்கள், நடுவில் ஊற்றியதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

1 குவார்ட், அதாவது கிட்டத்தட்ட 950 மில்லிக்கு மேல் போயிருந்தால், புல்லட்டின் சொல்லும் பழுது திருத்தப்பட்ட வடிவமைப்பில் வந்த பிஸ்டன்களையும் வளையங்களையும் போடுவது. 2015-இல் டொயோட்டா இதற்கென்று தனி வாரண்டி நீட்டிப்பு கொடுத்தது: 10 வருடம் அல்லது 150,000 மைல். எல்லா மாடலுக்குமே அந்தக் காலம் முடிந்துவிட்டது. இனி செலவு நம்முடையது.

ஆகவே பலருக்கும் கேள்வி, செய்வதா விடுவதா என்பது. என் கருத்தைச் சொல்கிறேன். 1,000 மைலுக்கு 1 குவார்ட் குடித்தாலும் புகை இல்லை, விளக்கு எரியவில்லை என்றால் இன்ஜினைப் பிரிக்காதீர்கள். இரண்டு முறை பெட்ரோல் போடுவதற்குள் ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள், டிக்கியில் ஒரு பாட்டில் ஆயில் வையுங்கள். 500 மைலுக்கு 1 குவார்ட் என்று போய், பின்னால் நீலப் புகை, செக் இன்ஜின் விளக்கோடு பி0420 என்ற கோளாறுக் குறியீடு (கோட்) வந்தால் மட்டும் யோசியுங்கள். பி0420 என்றால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் திறன் இழந்துவிட்டது என்று பொருள். எரிந்த ஆயிலே அதைக் கெடுத்திருக்கும். ஆயில் குடிப்பதை நிறுத்தாமல் புது கன்வெர்ட்டர் போட்டால் அதற்கும் அதே கதிதான்.

இன்னொன்று. பிஸ்டன் மாற்றுவதைவிடப் பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி இறக்குவது மலிவு என்று பட்டறையில் சொல்வார்கள். சரிதான், ஆனால் அந்த இன்ஜின் எந்த வருடக் காரிலிருந்து வந்தது என்று கேளுங்கள். 2008 கேம்ரியிலிருந்து கழற்றியது என்றால் அதே பிஸ்டன்தான் உள்ளே இருக்கும். கழற்றிய காரின் வின் எண் கிடைத்தால், டீலரிடம் கேட்டு நீட்டித்த வாரண்டியில் பிஸ்டன் மாற்றப்பட்டதா என்று தெரிந்துகொள்ளலாம். மாற்றப்பட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

கூலன்ட் குறைகிறது

இன்ஜினைக் குளிர்விக்கும் இந்தத் திரவம் எங்கிருந்து கசிகிறது என்பதே எல்லாம். கசியும் இடம் தெரிந்தால் எந்தப் புல்லட்டின் என்று தானாகத் தெரிந்துவிடும். இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் அழுத்தச் சோதனைக் கருவியை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை பம்ப் செய்து, அரை மணி நேரம் விடுங்கள். பெரிய உதிரிபாகக் கடைகள் சில, முன்பணம் வாங்கிக்கொண்டு இந்தக் கருவியைக் கடனாகவே தருகின்றன. பிறகு டார்ச்சும் சிறு கண்ணாடியும் எடுத்துக்கொண்டு தேட வேண்டியதுதான்.

2006 முதல் 2008 வரையான ஹோண்டா சிவிக், 2009-இன் தொடக்கத்தில் வந்த சில கார்கள், அவற்றில் 1.8 லிட்டர் ஆர்18 இன்ஜின். இவற்றில் இன்ஜின் பிளாக்கிலேயே விரிசல் விட்டுக் கூலன்ட் கசியும் கோளாறு உண்டு. பிளாக்கை வார்க்கும்போதே நேர்ந்த குறை. வெளியில் காய்ந்த உப்புப் படிவம்போல் தெரியும். ஹோண்டா இதற்கு வாரண்டியை முதலில் 8 வருடமாகவும் பிறகு மைல் கணக்கில்லாமல் 10 வருடமாகவும் நீட்டியது. பழுது என்றால் பிளாக்கையே மாற்றுவதுதான். இப்போது அந்த வருடக் காரைச் செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் பிளாக் மாற்றப்பட்டதா என்று கேட்பது ஒன்றே நல்ல சோதனை. விரிசலின் மேல் எபாக்சி பசை பூசியிருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். தினம் சூடாகி ஆறும் அலுமினியத்தின் மேல் அந்தப் பூச்சு எத்தனை நாள் தாங்கும்?

2002 முதல் 2006 வரையான கேம்ரியின் 2.4 லிட்டரில் இடம் வேறு: இன்ஜினின் பின்பக்கம், டாஷ்போர்டு பக்கம் பார்த்தாற்போல், இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டும் கீழே இருக்கும் பிளாக்கும் சேரும் கோட்டில் கசியும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் காஸ்கெட் போய்விட்டது என்று தோன்றும். உண்மையில் ஹெட் போல்ட்டின் மரை பிளாக்கிலிருந்து பிய்ந்து வந்திருக்கும். ஆகவே "ஹெட் காஸ்கெட் மாற்றித் தருகிறோம்" என்று மட்டும் விலை சொன்னால் மரையை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். துளையைப் பெரிதாக்கி எஃகு மரைக்குழாய் பொருத்தாமல் புது காஸ்கெட் போட்டால் போல்ட் மறுபடியும் பிடிக்காது, சில மாதத்தில் அதே இடத்தில் ஈரம் வரும்.

சுபாருவின் 1999 முதல் 2002 வரையான 2.5 லிட்டரிலும் ஹெட் காஸ்கெட் வழியாக வெளிப்பக்கம் கசியும். நிறுவனம் டபிள்யூடபிள்யூபி-99 என்ற பெயரில் ஒரு கூலன்ட் கண்டிஷனரைக் கொடுத்து, அதை ஊற்றிய கார்களுக்கு வாரண்டியை 8 வருடம் அல்லது 100,000 மைலாக நீட்டியது. அந்தத் திரவம் வெளிக்கசிவைத் தடுக்கத்தான். கூலன்ட் உள்ளே சிலிண்டருக்குள் போய் வெள்ளைப் புகை வரும் காருக்கு அது மருந்தல்ல.

கியர் மாறும்போது நடுக்கம்

2005 முதல் 2010 வரையான நிசான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெரா, ஃபிரான்டியர் ஓட்டுபவர் கியர்பாக்ஸைப் பற்றி யோசிக்கும் முன் ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே போகிறது. உள்ளே உடைந்தால் கூலன்ட்டும் கியர் ஆயிலும் கலந்துவிடும். கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கில் அல்லது ரேடியேட்டர் மூடியின் கீழ் ஸ்ட்ராபெரி மில்க்ஷேக் மாதிரி நுரைத்த இளஞ்சிவப்புத் திரவம் தெரிந்தால், இன்ஜினை அணைத்துவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்கள். ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம். நிசான் இதற்கு முதலில் 8 வருடம் அல்லது 80,000 மைல் என்று ரேடியேட்டர் வாரண்டியை நீட்டியது.

இன்னும் கலக்கவில்லை என்றால் இது அதிர்ஷ்டம். ரேடியேட்டரை இப்போதே மாற்றிவிடுங்கள், அல்லது கியர் ஆயிலுக்குத் தனிக் குளிர்விப்பானை வெளியே பொருத்தி ரேடியேட்டர் வழியை விலக்கிவிடுங்கள். கியர்பாக்ஸ் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் இது சொற்பம். பழைய காரில் முன்கூட்டியே காசு போட்டுச் செய்யலாம் என்று நான் தயங்காமல் சொல்லும் வேலை இது ஒன்றுதான்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் கரகரப்பு

2008 முதல் 2012 வரையான ஹோண்டா அக்கார்டு, நாலு சிலிண்டர். ராத்திரி முழுக்க நின்ற காரைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் இரண்டு விநாடி பலத்த கரகரச் சத்தம், பிறகு அமைதி. ஹோண்டாவின் 09-010 இதைப் பற்றியது. வால்வ் திறக்கும் நேரத்தை மாற்றும் விடிசி ஆக்சுவேட்டர் உள்ளே பூட்டிக்கொள்ளாமல், ஆயில் அழுத்தம் வரும் வரை தளர்ந்து ஆடுவதுதான் சத்தம்.

சோதனையே இங்கே சூட்சுமம். குறைந்தது 6 மணி நேரம் கார் நின்றிருக்க வேண்டும். மதியம் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போய் "சத்தம் வருகிறது" என்றால் அவர் எத்தனை முறை ஸ்டார்ட் செய்தாலும் வராது. முந்தின நாள் சாயங்காலமே காரை அங்கே விட்டுவிடுங்கள், இல்லையென்றால் காலையில் ஃபோனில் பதிவு செய்து காட்டுங்கள். சத்தம் இரண்டு விநாடியில் நிற்காமல் நீடித்தாலோ, வால்வைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டும் பிஸ்டன் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட்டும் ஒத்துப்போகவில்லை என்று பி0341 மாதிரி கோட் வந்தாலோ அது ஆக்சுவேட்டர் அல்ல; டைமிங் செயின் நீண்டிருக்கலாம். ஆயில் குறைவாக இருந்தாலும் இதே சத்தம் வரும். ஆகவே முதலில் டிப்ஸ்டிக்.

பின்னாலிருந்து ஹூம் என்ற சத்தம், வேகத்தோடு கூடுகிறது

வீல் பேரிங் போய்விட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். பத்து வருடத்துக்கு முன் ஒரு நண்பரின் காரில் நானும் அப்படித்தான் நினைத்தேன். பட்டறையிலும் அதையே சொன்னார்கள். பின்பக்கப் பேரிங் இரண்டையும் மாற்றினோம். சத்தம் ஒரு துளி குறையவில்லை. பிறகு டயரின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தபோதுதான் புரிந்தது. வெளிப்பக்கம் புதிதுபோல் இருக்கிறது, உள் ஓரம் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கிறது. அன்றைக்குப் புல்லட்டின் பட்டியலை ஒரு பத்து நிமிடம் பார்த்திருந்தால் நண்பரின் காசு மிஞ்சியிருக்கும்.

2006, 2007 சிவிக்கில் இது நன்கு தெரிந்த பிரச்சினை, ஹோண்டாவின் 08-001 அதற்குத்தான். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் அப்பர் கன்ட்ரோல் ஆர்மைத் திருத்திய வடிவத்தில் போட்டு, அலைன்மென்ட் செய்ய வேண்டும். வெறும் புது டயர் போட்டால் அதுவும் அதேபோல் தேயும். எந்தக் காராக இருந்தாலும் முதலில் டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தம் முன்னால் வந்துவிட்டால் குற்றம் டயரில், அங்கேயே நின்றால் பேரிங்கில். செலவு ஒரு மணி நேரம்.

செக் இன்ஜின் விளக்கு மின்னுகிறது, இன்ஜின் குலுங்குகிறது

விளக்கு நிலையாக எரிந்தால் வீட்டுக்கு வரலாம். மின்னினால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போகிறது என்று அர்த்தம், ஓரம் கட்டுங்கள். கோட் பி0301 முதல் பி0306 வரை. கடைசி எண்தான் சிலிண்டர். அந்தச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோட்டும் கூடவே போனால் காயில் போய்விட்டது, வேலை முடிந்தது.

போகாவிட்டால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். 2008 முதல் 2012 வரையான வி6 அக்கார்டில் பிளக் கருப்பாக, ஆயில் படிந்து இருந்தால் புல்லட்டின் பக்கம் திரும்ப வேண்டும். அந்த இன்ஜின் நெடுஞ்சாலையில் சில சிலிண்டர்களை அணைத்துவிட்டு ஓடும். பிஸ்டன் வளையங்கள் சுற்றிச் சுற்றி, அவற்றின் வாய்கள் ஒரே நேர்க்கோட்டில் வந்துவிட்டால் ஆயில் மேலே ஏறிப் பிளக்கை அழுக்காக்கும் என்று ஹோண்டாவே விளக்கி, வாரண்டியை நீட்டியது. புது பிளக் போட்டால் சில மாதம் சரியாக ஓடும். அதுவே பலரை ஏமாற்றிவிடுகிறது. பிளக் மாற்றிய தேதியையும் மைலையும் எழுதி வைத்தால் அதே சிலிண்டர் மறுபடி வரும்போது கண்டுபிடித்துவிடலாம்.

திடீரென்று அணைகிறது, சில சமயம் ஸ்டார்ட் ஆவதில்லை

பேட்டரி முனை, எர்த் ஒயர் இரண்டையும் சுத்தம் செய்துவிட்டு மேலே படியுங்கள். 2005 முதல் 2008 வரையான கரோலா, மேட்ரிக்ஸ் என்றால் சந்தேகம் இன்ஜினின் கணினிப் பெட்டி மேல் விழ வேண்டும். உள்ளே சர்க்யூட் போர்டில் விரிசல் விடும். 2010 ஆகஸ்டில் டொயோட்டா சுமார் 11 லட்சம் கார்களை இதற்காக ரீகால் செய்தது. அதற்கு முன் சொந்தக் காசில் பெட்டியை மாற்றியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது, ரசீது வைத்திருந்தால். பழைய காருக்கு எந்தப் பெரிய வேலை செய்தாலும் ரசீதைப் படமெடுத்து வையுங்கள்.

பாகம் எல்லாம் சரி, ஆனாலும் கியர் தயங்குகிறது

பல புல்லட்டின்களில் பாகமே இருக்காது. "இன்ஜின் கணினிக்குப் புதிய மென்பொருள் ஏற்றவும்" என்பதோடு முடிந்துவிடும். கியரை மாற்ற உதவும் சோலனாய்டு என்ற பாகத்தை வாங்கும் முன் அதைப் பார்க்க வேண்டும். இருபது டாலர் ப்ளூடூத் ஸ்கேனரும் ஒரு ஆப்பும் இருந்தால் 'கேலிப்ரேஷன் ஐடி' என்ற வரிசை எண்ணைப் படிக்கலாம். புல்லட்டினில் பழைய எண், புதிய எண் என்று அட்டவணை போட்டிருப்பார்கள். உங்களுடையது பழைய பத்தியில் இருந்தால் ஏற்ற வேண்டும்; புதிய பத்தியில் இருந்தால் முன்பே யாரோ ஏற்றிவிட்டார்கள், வேறு காரணம் தேடுங்கள். டொயோட்டாவில் பானெட்டைத் திறந்து பார்த்தாலும் தெரியலாம். மென்பொருள் ஏற்றிய டீலர் அங்கே ஒரு சிறு லேபிள் ஒட்டியிருக்க வேண்டும்.

ஏற்றுவதற்கு டீலரிடம்தான் போக வேண்டும் என்றில்லை. 2004 மாடல் முதல், அமெரிக்காவில் விற்கும் கார்களின் புகைக் கட்டுப்பாடு சம்பந்தப்பட்ட மென்பொருளை ஜே2534 என்ற பொதுக் கருவி வழியாகவும் ஏற்ற முடிய வேண்டும். அந்தக் கருவி வைத்திருக்கும் தனிப் பட்டறைகள் நிறுவனத்தின் தளத்தில் ஓரிரு நாள் சந்தா கட்டி வேலையை முடிப்பார்கள். அவர்களிடம் போகும்போது ஒரு தாளில் வின் எண், மைல், கோட், எப்போது எப்படி வருகிறது, இப்போதைய கேலிப்ரேஷன் ஐடி, புல்லட்டின் எண், அதன் கடைசித் திருத்தத் தேதி இவற்றை எழுதிக் கொடுங்கள். "இதை மாற்றுங்கள்" என்று சொல்லாதீர்கள். "இந்தப் புல்லட்டினில் சொன்ன சோதனையைச் செய்து, முடிவை எனக்குச் சொல்லுங்கள், அதன் பிறகு பாகத்தைப் பற்றிப் பேசுவோம்" என்று சொல்லுங்கள். சோதனைக்கு ஒரு மணி நேரக் கூலி கேட்பார்கள். தயங்காமல் கொடுங்கள்.